கீழ்த்தளத்தில் ஒரு பனிக்காலம்

2013ஆம் ஆண்டில் 'ஃபுரோசன்' திரைப்படம் வெளிவந்த பிறகு, சிங்கப்பூரின் பிறந்தநாள் விழாக்களில் பனி இளவரசிக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. வெளியே வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ். புளோக்கின் கீழ்த்தளத்திலோ நீலப் பலூன்களும் செயற்கைப் பனியும்! பூமத்தியரேகைக்கு அருகில் வாழும் நமக்குப் பனிக்காலம் எதற்கு என்று சிலர் கேலி செய்கின்றனர். அதில் எனக்கு உடன்பாடில்லை. காணாததைக் கற்பனை செய்யப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

என் வருத்தம் வேறு. அந்தக் கற்பனையையும் பெரியவர்களே விலைக்கு வாங்கிவிடுகின்றனர். பணத்தைக் கட்டினால் அலங்காரம், உடை, கேக் அனைத்தும் வந்து இறங்கும். பிள்ளை புகைப்படத்துக்கு நின்றால் போதும். கனமான கவுனில் வியர்த்து வழிந்தபடி, "அம்மா, இதை எப்போது கழற்றலாம்?" என்று கேட்ட ஓர் இளவரசியை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தங்கைக்குப் பிறந்தநாள் வருகிறதா? ஒரு வாரத்துக்கு முன்பே வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலுமாக அவளுடன் உட்காருங்கள். பனித்துகளுக்குப் பெரும்பாலும் ஆறு கைகள் இருக்கும். வட்டமாக வெட்டிய தாளைப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்து, ஓரங்களில் வெட்டிப் பிரியுங்கள். ஆறு கைகளும் விரியும். அவள் வெட்டியது கோணலாக இருந்தாலும் அதையே தொங்கவிடுங்கள். உடை மெல்லிய பருத்தியாக இருக்கட்டும்.

உண்மையான பனியும் வேண்டுமென்றால், இருக்கவே இருக்கிறது ஐஸ் கச்சாங். துருவிய பனிக்கட்டிக் குன்றின் மேல் எந்த நிறப் பாகை ஊற்றுவது என்பதை இளவரசியே முடிவு செய்யட்டும்.