வாரத்தில் ஒரு நாள் லீவு: கடைக்கா, ஆளுக்கா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மல்லேஸ்வரம் சம்பிகே ரோடு பக்கம் போயிருக்கிறீர்களா? எட்டாவது கிராஸில் நடக்கக்கூட இடம் இருக்காது. நமக்கு லீவு, அதனால் கூட்டம். அடுத்த முறை பில் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கு எந்த நாள் லீவு?"

சட்டத்தில் பதில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்தில் குறைந்தது ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும். முழு நாள் என்பதைக் கவனியுங்கள். காலையில் வந்து ஸ்டாக் எண்ணிவிட்டு மதியம் வீட்டுக்குப் போவதெல்லாம் கணக்கில் வராது. அதே பிரிவு கடையையும் வாரத்தில் ஒரு நாள் மூடச் சொல்கிறது.

அப்புறம் எப்படி ஏழு நாளும் ஷட்டர் திறந்திருக்கிறது? 2021 ஜனவரியில் கர்நாடக அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும், 24 மணி நேரமும் திறக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த அனுமதி, பிறகு நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சலுகை கடைக்குத்தான். ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுப்பு தர வேண்டும், இன்று லீவில் இருப்பவர் யார் என்று கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு பலகையை நீங்கள் எத்தனை கடையில் பார்த்திருக்கிறீர்கள்?

இரண்டு, மூன்று பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்கு இந்தச் சலுகை கிடையாது. மாற்று ஆள் இல்லாததால் லீவு கேட்கவே தயங்குவதும் அங்கேதான்.

"நான் ஐடி, எனக்கென்ன?" என்கிறீர்களா? உங்கள் அலுவலகமும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. சனிக்கிழமை லீவு கம்பெனி கொடுத்தது, சட்டம் கொடுத்தது இல்லை. சட்டத்தின் வரம்பு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மூன்று மாதத்துக்கு 50 மணி ஓவர்டைம். அந்த 50-ஐ 144 ஆக்கவும், ஓவர்டைம் சேர்த்து நாளுக்கு 12 மணி வரை அனுமதிக்கவும் 2025 ஜூனில் அரசு ஒரு யோசனையை முன்வைத்தது. கணக்குப் போடுங்கள். 144-ஐ 13 வாரத்தால் வகுத்தால் 11. ஆக வாரத்துக்கு 59 மணி. இப்போதைய வரம்பில் சுமார் 52. வார லீவில் யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தினம் 12 மணி நேரம் உழைத்தவருக்கு அந்த நாள் தூங்கி எழவே போதாது. ஐடி ஊழியர் சங்கம் எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர மசோதா, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் ஆனதும் நினைவிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்தியத் தொகுப்புச் சட்டமும் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றே வரையறுக்கிறது. விதிவிலக்கு பெற்று லீவு நாளில் வேலை வாங்கினால், அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ ஈட்டு விடுப்பு தர வேண்டும். ஒரு சிக்கல்: நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்த ஓய்வு விதிகள் பொருந்தாது. விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று போட்டுவிட்டால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். செய்யும் வேலை என்ன என்பதுதான் கணக்கு.

அதனால் "சண்டே கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்ற வாட்ஸ்அப் மெசேஜை அழித்துவிடாதீர்கள். தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கும் நிலை வந்தால், முதலில் கேட்கப்படுவது தேதியும் ஆதாரமும்தான்.