பொங்குவது அழுக்கல்ல, ரிம்

புதுக் காருக்குப் பூசை போடும்போது நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோயில் வாசல்களில் சாதாரணமாகக் காணும் காட்சி இது. பழத்தின் வேலை அத்தோடு முடிந்தது என்று விட மாட்டோம். நாலு மாதத்தில் ரிம் கருத்ததும் அதே பழத்தை அறுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவோம். பழம் போதவில்லை என்றால் புளி. புளியும் தோற்றால் கழிப்பறை கழுவுகிற ஆசிட்.

"சுர்ருன்னு பொங்கணும் அண்ணே, அப்பத்தான் அழுக்கு விடும்." கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த உபதேசம் இலவசம். நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டு ஆடியவன்தான். என் முதல் காரின் ரிம்மில் ஆசிட் ஊற்றினேன், பொங்கியது, மகிழ்ந்தேன். காய்ந்ததும் தேமல் போல வெள்ளைத் திட்டுகள். அந்தக் காரை விற்கும் நாள்வரை அவை போகவே இல்லை.

இந்த நம்பிக்கையின் பிறப்பிடம் பூசையறை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது, ஆகவே எந்த உலோகத்துக்கும் புளிப்புதான் மருந்து என்று கை பழகிவிட்டது. விளக்கு கருப்பது செம்பின் ஆக்சைடால். புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது; அடியில் இருக்கும் பித்தளைக்குப் பெரிய சேதமில்லை. ஸ்போர்ட் ரிம் அலுமினியக் கலவை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஆக்சைடுதான் அதற்குக் கவசம். கடும் அமிலம் முதலில் கவசத்தைத் தின்னும், பிறகு உலோகத்தைத் தின்னும். அப்போது பொங்கி வருவது ஹைட்ரஜன். சாக்கடை அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தை இப்படியே கரைக்கும். நீங்கள் ரசித்துப் பார்க்கும் நுரை, உங்கள் ரிம் கரைகிற நுரை.

பெரும்பாலான ரிம்களுக்கு மேலே லாக்கர் பூச்சு உண்டே என்பார்கள். உண்டு. கல் பட்டுத் தெறித்த இடத்திலும், பார்க்கிங் விளிம்பில் உரசிய இடத்திலும் அது இல்லை. ஆசிட் அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியில் ஊர்ந்துபோகும். எலுமிச்சம்பழத்தின் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஒரு நாள் தேய்த்ததால் ரிம் செத்துவிடாது. கோபமெல்லாம் ஆசிட் பாட்டில்மேல்தான்.

முதலில் அந்தக் கருப்பு எது என்று பார்ப்போம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரைக்குப் புறப்பட்டவர் எத்தனை முறை பிரேக்கை மிதிப்பார்? ஒவ்வொரு மிதிக்கும் பிரேக் பேடும் வார்ப்பிரும்புத் தட்டும் உரசி, சூடான இரும்புத்தூள் பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. முன் பிரேக்குக்கு வேலை அதிகம், அதனால் முன் சக்கரம் சீக்கிரம் கருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர், கார் ஷாம்பு, மெல்லிய தூரிகை, இவ்வளவு போதும். மாதக்கணக்கில் விட்டால்தான் தூள் துருவேறி ஊன்றிக்கொள்ளும். அதற்கும் ஆசிட் வேண்டாம். அமோனியம் தையோகிளைக்கோலேட் கலந்த இரும்பு நீக்கி கடையில் கிடைக்கும். பட்ட இடத்தில் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். சலூனில் முடி சுருட்டப் பயன்படும் அதே மருந்துதான், நாற்றமும் அதே நாற்றம். கையுறை போடுங்கள், ரிம்மில் காயவிடாதீர்கள்.

இனி அந்தப் பாட்டில். பெயர்ச்சீட்டு இல்லாமல், குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, ஐந்து வெள்ளிக்கு விற்கும் 'ரிம் மருந்து'. சக்கரம் கழுவும் வீரிய மருந்துகள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைடோ இருப்பதுண்டு. கழிப்பறை ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம். ஹைட்ரோபுளோரிக் நீர்த்த நிலையில் அப்படி எச்சரிக்காது. வலி பல மணி நேரம் கழித்து வரலாம்; அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பையே குலைக்கும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இதற்கான மருந்து கால்சியம் குளுக்கோனேட். பாட்டிலில் என்ன இருந்தது என்று டாக்டர் கேட்பார். பெயரே இல்லாத பாட்டிலைக் காட்டி என்ன சொல்வீர்கள்?

இன்னும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆசிட்டோடு துணி வெளுக்கும் குளோரின் நீரையும் கலந்தால் வீரியம் இரட்டிப்பாகும் என்பார்கள். வருவது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய வரிசை வீட்டுப் போர்ச்சில் சக்கரம் தேய்ப்பவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அவர் மூக்கும் அந்த உயரத்தில்தான்.

கண்ணாடிக்கு வருவோம். என் அப்பா தமிழ் நேசன் தாளைக் கசக்கித்தான் கார் கண்ணாடி துடைப்பார். நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழக்கம் நிற்கவில்லை, வேறு பத்திரிகைக்கு மாறியிருக்கிறது. தாள் மணலை எடுக்காது, இழுத்துக்கொண்டு போகும். சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். புகைமூட்டக் காலத்தில் காய்ந்த தூசியோடு தேய்த்தவர்கள் இரவில் எதிர் விளக்கு படும்போது கீறல்களை எண்ணிக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்குங்கள்; அப்புறம் துணி.

உட்பக்கம் வேறு கதை. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி எண்ணெய்ப் படலமாகக் கண்ணாடியில் படிகிறது. மழை இரவில் கண்ணைக் கூச வைப்பது அதுதான். அதைப் போக்க அமோனியா நெடி வீசும் திரவத்தைத் தெளிக்கிறோம், 'காரமா இருந்தாத்தான் எண்ணெய் போகும்' என்று. டின்டட் ஒட்டியிருப்பது அந்த உட்பக்கத்தில்தானே? 2019 மே மாதம் பின் கண்ணாடிகளுக்கான டின்டட் விதி தளர்ந்தது. முன் கண்ணாடி 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சம் விட்டால் போதும். பின்னால் எவ்வளவு இருட்டானாலும் சரி. அப்படிக் காசைக் கொட்டி ஒட்டிய படலம் அமோனியாவில் நிறம் மங்கும், பசை விடும். அமோனியா இல்லாத திரவத்தைத் துணியில் தெளித்து ஒரு துணியால் துடைத்து, உலர்ந்த இன்னொன்றால் முடியுங்கள். பின் கண்ணாடியின் சூட்டுக் கம்பிகள் ஓடும் திசையிலேயே கை ஓடட்டும்.

மறுபடி சக்கரத்துக்கு வருவோம். சூடான சக்கரத்தில் எந்தத் திரவமும் வேண்டாம்; நிழலில் ஆறவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். சக்கரத்துக்கு என்று தனி வாளி, தனித் துணி. காய்ந்த பிரேக் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. கழுவிய மறுநாள் பிரேக் தட்டு செம்மஞ்சளாகத் துரு காட்டினால் பதறி அதற்கும் ஆசிட் தேடாதீர்கள். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

உங்கள் போர்ச்சிலும் பெயரில்லாத பாட்டில் ஒன்று இருக்கலாம். லோங்காங்கில் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு இல்லாமல் ஆற்றுக்குப் போகிறது. விற்ற கடைக்கே எடுத்துப் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஐந்து வெள்ளி போனால் போகிறது.