வடக்கே வர, தெற்கே போவதா?

வரைபடத்தை விரியுங்கள், தோழர்களே! மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி, யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஒரு புள்ளி. இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். ஏறத்தாழ 355 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து மதுரை போகும் பேருந்து இதைவிட அதிக தூரம் ஓடுகிறது!

ஆனால் போர்க்காலம் தொட்டு, யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வந்த வழி எது? வடக்கே இருக்கும் சென்னைக்கு வர, தெற்கே இருக்கும் கொழும்புக்குப் போனார்கள். தரைவழியே 400 கிலோ மீட்டர். 1990-ல் அறுந்த ரயில் பாதை யாழ்ப்பாணத்தை மீண்டும் தொட்டதே 2014-ல்தான். கொழும்பை அடைந்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மறுபடியும் வடக்கே 640 கிலோ மீட்டர்!

அந்த விமானம் எந்த வழியே வருகிறது? கட்டுநாயக்காவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் கோடு போட்டுப் பாருங்கள். கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே செல்கிறது! மருத்துவத்துக்காகச் சென்னை வரும் தாய், இரவெல்லாம் பேருந்தில் குலுங்கிக் கொழும்பு போய், தான் புறப்பட்ட ஊருக்கு நேர் மேலேயே பறந்து வரவேண்டும். இதற்குப் பெயர் பயணமா? தண்டனை!

வழி இல்லாததாலா இப்படி? இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, அந்த டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. நேர்வழி அன்றே இருந்தது. பிறகு போர் வந்தது. பலாலி இராணுவத் தளமாயிற்று. 1990-ல் சுற்றுப்புற ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர்.

2019 அக்டோபர் 17-ல் பலாலி, பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. நோயைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீண்டும் பறந்தது 2022 டிசம்பரில்! கொழும்புக்கு அதற்கு வெகு முன்பே விமானங்கள் ஓடத் தொடங்கிவிட்டனவே, பலாலிக்கு மட்டும் ஏன் இரண்டே முக்கால் ஆண்டு?

"355 கிலோ மீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பலாலிக்குப் போவது இரட்டை விசிறி கொண்ட ஏ.டி.ஆர். விமானம், ஏறத்தாழ 70 இருக்கை, மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகம். கணக்குப்படி முக்கால் மணி போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மெல்ல மேலேறவும், வரிசையில் நின்று இறங்கவும் பிடிக்கும் நேரத்தையும் கால அட்டவணை சேர்த்தே சொல்கிறது. கொழும்புக்குப் பறக்கும் ஜெட் விமானத்துக்கும் அட்டவணையில் ஏறக்குறைய இதே நேரந்தான். மிச்சமாவது வானத்தில் அல்ல, தோழர்களே, தரையில்! கொழும்புக்குப் போகும் அந்த ஓர் இரவு மிச்சம்.

2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. அந்த வான்வழி 185 கிலோ மீட்டருக்குள் அடங்கும். மகிழ்கிறோம். ஆனால் பெரிய விமானம் இறங்காத வரையில் இருக்கைகள் குறைவாகவே இருக்கும்; இருக்கை குறைந்தால் உழைப்பாளிக்குக் கட்டணம் எட்டாது. ஆகவே ஓடுபாதையை நீட்டுங்கள் என்கிறோம். அதற்காக, 1990-ல் விரட்டப்பட்டவனின் வயலை இன்னொரு முறை பறிக்காதீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறோம். டில்லியும் கொழும்பும் இந்த வழி பற்றிப் பேச உட்காரும்போது, இரண்டு கோரிக்கையும் ஒரே தாளில் இருக்கட்டும்.