உருகும் கலைக்கு இடம் கொடுப்போம்

பருவநிலை ஒப்பந்தத்துக்காக உலக நாடுகள் பாரிஸில் கூடியிருந்த 2015 டிசம்பரில், அந்நகரின் பாந்தியோன் சதுக்கத்தில் 12 பெரும் பனிக்கட்டிகள் கடிகார முகப்பைப் போல வட்டமாக வைக்கப்பட்டன. கிரீன்லாந்துப் பனிப்படலத்திலிருந்து உடைந்து கடலில் மிதந்தவை அவை. கலைஞர் ஓலஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் அவற்றைக் கொண்டுவந்தனர். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள். காதை ஒட்டிவைத்துக் கேட்டார்கள். பன்னெடுங்காலம் பனிக்குள் அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் படபடவென்று வெடித்தன. சில நாள்களில் எல்லாம் தண்ணீராகிவிட்டது.

கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும் என்பதைப் பலமுறை படித்திருக்கிறோம். படித்த வேகத்தில் மறந்தும்விட்டோம். உள்ளங்கையை மரத்துப்போகச் செய்யும் பனிக்கட்டி கண்ணெதிரே கரைவதை அப்படி மறக்க முடியாது. நிலையான சிலையை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்துவிடுகிறோம். அழியப்போகும் கலை அந்தத் தவணையைத் தருவதில்லை. இயற்கைக்கும் தவணை இல்லை என்பதை அது உணர்த்துகிறது.

பனியைக் காக்கச் சொல்வதற்குப் பனியையே எரிபொருள் செலவழித்துக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாரிஸ் காட்சியின் கரியமில உமிழ்வு சுமார் 30 டன் என்று கணக்கிட்டு வெளியிட்டதே அதற்கு நேர்மையான பதில். உமிழ்வே இல்லாத பொதுநிகழ்ச்சி எதுவும் இல்லை. கணக்குக் காட்டும் நிகழ்ச்சிகள்தான் அரிது.

திறந்தவெளியில் வைக்கும் கலையெல்லாம் இயற்கைக்கு நன்மை செய்துவிடாது என்பதும் உண்மை. கிறிஸ்டோ, ஜான்-க்ளோத் என்ற கலைஞர் தம்பதி 1983இல் மயாமி அருகே பிஸ்கேன் விரிகுடாவில் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணியை இரண்டு வாரம் மிதக்கவிட்டனர். ஆனால் அதற்கு முன் அத்தீவுகளிலிருந்து சுமார் 40 டன் குப்பையை அகற்றினர். இந்தப் பொறுப்பே அளவுகோலாக வேண்டும்.

கடல் உயர்ந்தால் முதலில் நிலத்தை இழக்கப்போவது நம்முடையதைப் போன்ற கரையோரப் பகுதிகள்தான். எனவே கடற்கரைகளையும் ஏரிக்கரைகளையும் இத்தகைய தற்காலிகக் கலைக்கு அரசும் உள்ளாட்சிகளும் திறந்துவிட வேண்டும். உயிருள்ள இயற்கையிலிருந்து எதையும் பறிக்கக் கூடாது. சூழல் செலவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இடத்தை முன்பைவிடத் தூய்மையாகத் திருப்பித் தர வேண்டும். இம்மூன்றையும் ஏற்கும் கலைஞருக்கு அனுமதி மறுக்கக் காரணமில்லை. ஏற்காதவருக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் அனுமதி கூடாது.