நிலையம் எடுக்கும் முன்

புதிதாக வீடு கட்டப் புகும் குடும்பத்தினர் எத்தனையோ விடயங்களை நுணுக்கமாக ஆராய்கின்றனர். நல்ல நாள் பார்க்கின்றனர். சாஸ்திரம் அறிந்தவரை அழைத்து நிலையம் எடுப்பிக்கின்றனர். நிலத்துக்குப் பதிக்கும் மாபிளின் நிறம் பற்றி வாரக்கணக்கில் விவாதிக்கின்றனர். ஆயின், அவ்வீட்டின் மீது வெயில் எப்பக்கத்தால் விழும், காற்று எப்பக்கத்தால் வரும், வந்த காற்று எவ்வழியால் வெளியேறும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பவர் மிகச் சிலரே. குடிபுகுந்த பின் வரும் முதற் சித்திரையிலேயே இதன் பலன் தெரிந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் அறை வேகின்றது; குழந்தை உறங்காது அழுகின்றது; முதியவர் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குச் செல்கிறார். அதன் பின்னரே குளிரூட்டி வாங்கும் பேச்சு எழுகின்றது.

அந்த மூன்று கேள்விகளையும் அத்திவாரம் வெட்டும் முன்னரே கேட்டிருந்தால், இத்துன்பத்திற் பெரும்பகுதி செலவின்றியே நீங்கியிருக்கும் என்பது எமது கருத்து.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். எமது நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. ஆகையால், ஏப்பிரல் மாதத்தின் முற்பாதியிலும், ஓகஸ்ட் பிற்பகுதி தொடக்கம் செப்டெம்பர் முற்பகுதி வரையிலும் நண்பகற் சூரியன் எமது தலைக்கு நேர் மேலே வருகின்றான். எஞ்சிய மாதங்களிலும் நண்பகலில் அவன் வடக்கிலோ தெற்கிலோ மிகத் தாழ்ந்துவிடுவதில்லை. எனவே வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் காப்பது எளிது. யாழ்ப்பாணத்தில் கூரையின் விளிம்பு சுவருக்கு வெளியே மூன்று அடி நீண்டிருந்தால், மார்கழி மாத நண்பகலிலும் தெற்குச் சுவரில் நாலரை அடி வரை நிழல் விழும். கிழக்கிலும் மேற்கிலும் நிலைமை வேறு. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நின்று சுவரை நேராகத் தாக்குவதால், எவ்வளவு நீண்ட தாழ்வாரமும் அதனை முற்றாகத் தடுக்கமாட்டாது. மேற்குச் சுவரோ நாள் முழுவதும் சூடேறிய காற்றின் நடுவே மாலை வெயிலையும் ஏற்கின்றது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கட்டும். காணியின் அமைப்பு இதற்கு இடந்தராவிடின், படுக்கையறையை மேற்கில் வையாது, களஞ்சிய அறை, குளியலறை, மாடிப்படி ஆகியவற்றை அங்கே அமைக்கலாம். வெம்மையை அவை ஏற்றுக்கொள்ளும், உறங்குபவர் தப்புவர்.

ஆயினும், எமது நாட்டில் வெயிலை மிகுதியாக ஏற்பது சுவரன்று, கூரையே. கிடுகு வேய்ந்த வீட்டிலும் பனையோலை வேய்ந்த வீட்டிலும் நண்பகலில் இருந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஓலை வெம்மையை எளிதிற் கீழே கடத்துவதில்லை. ஓட்டுக் கூரையின் இடுக்குகளால் சூடான காற்று மேலே கசிந்து போகின்றது. தகரமும் சீற்றும் விரைவிற் சூடேறி, கீழிருப்போர் மீது அனலைப் பொழிகின்றன. தட்டையான கொங்கிறீற்றுக் கூரையோ பகல் முழுவதும் வெயிலை உண்டு, அதனைச் சேமித்து, இரவில் நாம் கண்ணயரும் வேளையில் வெளிவிடுகின்றது. மேல்மாடி எழுப்பும் எண்ணத்தோடு இத்தகைய கூரை இடுபவர், அம்மாடி எழும் வரைக்கும் அதன் மீது ஏதாவதொரு நிழல் விழும்படி செய்தல் வேண்டும்.

அடுத்தது காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் வீசுகின்றது. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகின்றது. வடக்கும் தெற்கும் நோக்கிய யன்னல்கள் இவ்விரண்டையும் சாய்வாகவேனும் ஏற்றுக்கொள்ளும். ஆயின், ஒரே சுவரில் எத்தனை யன்னல்கள் இருப்பினும் காற்று நன்கு ஓடாது. நுழைவதற்கு ஒரு வாயிலும், எதிர்ப்புறத்தில் வெளியேறுவதற்கு மற்றொரு வாயிலும் வேண்டும். எமது காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலின் மீது மெல்லிய காற்று ஓடினால், அறையின் வெப்பம் மாறாதிருக்கவும், இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோன்ற சுகம் உண்டாகின்றது. சித்திரையிற் காற்று ஓய்ந்திருக்கும் நாட்களுக்காக, சுவரின் மேற்பகுதியிலும் துவாரங்கள் விடுதல் நன்று. மேலெழும் சூடான காற்று அவற்றால் வெளியேறும். நுளம்புக்கும் கள்வருக்கும் அஞ்சி யன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே வேகுவதிலும், வலையும் இரும்புக் கம்பியும் இட்டுத் திறந்துவைப்பது மேலன்றோ?

எமது முன்னோரின் நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவே வானம் தெரியும் முற்றம். அதனைச் சூழ விறாந்தை. விறாந்தைக்கு அப்பால் அறைகள். வெயில் அறைச் சுவரைத் தீண்டுமுன் விறாந்தையின் நிழலைக் கடக்கவேண்டியிருந்தது. ஒவ்வோர் அறைக்கும் வெளிப்புறத்தாலும் முற்றத்தாலும் காற்று கிடைத்தது.

இரண்டு பரப்புக் காணியில் நாற்சார் வீட்டுக்கு எங்கே போவது என்று சிலர் வினவுவர். கொழும்பு நகரின் நெருக்கத்தினுள்ளேயே அதற்கு விடை கண்டார் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. 1960ஆம் ஆண்டுக்கும் 1962ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏனா டி சில்வா என்னும் கலைஞருக்காக அவர் அமைத்த வீடு, வெளிப்புறத்தே மதிலாலும் உட்புறத்தே முற்றங்களாலும் ஆகியது. பழைய முறையைப் புதிய வாழ்க்கைக்கேற்ப அமைத்தமையால், அது இந்நாட்டின் கட்டடக் கலைக்கு ஒரு வழிகாட்டியாயிற்று. பிற்காலத்தில் அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டமை அதன் மதிப்புக்குச் சான்று. பழைய வீட்டை அப்படியே பெயர்த்தெடுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அதன் காரணங்களைக் கற்றுக்கொண்டால் சிறிய காணியும் போதும்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் மனந்தளர வேண்டா. கொங்கிறீற்றுக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், விழும் வெயிலிற் பெரும்பங்கு திரும்பிச் செல்லும். மேற்குச் சுவருக்கு எதிரே பந்தலிட்டுக் கொடித்தோடையோ பாகலோ படரவிட்டால் நிழலும் உண்டு, கறியும் உண்டு. வேம்பு ஒன்று மேற்கில் நின்றால் அதன் பயன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் நீளும். முற்றம் முழுவதற்கும் சீமெந்து இடுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அது பகலில் வீட்டைச் சூழ்ந்த அடுப்பாகும்; மழைநீர் மண்ணுக்குட் செல்லவும் விடாது.

குளிரூட்டியை நாம் பகைக்கவில்லை. நோயாளிக்கும் வேறு வழியற்ற இடத்துக்கும் அது வேண்டியதே. ஆயின், ஒரு மின்விசிறி உண்ணும் மின்சாரத்தைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகமாக அது உண்ணக்கூடியது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார். மின்சாரத்தை நம்பியே குளிரும் வீடு அந்நாட்களில் அடைத்த பெட்டியாயிற்று. யன்னலைத் திறந்தால் காற்று ஓடும் வீட்டிலோ, விளக்கு இல்லாவிடினும் உறக்கம் இருந்தது.

வெளிநாட்டிற் பிள்ளை உழைத்து அனுப்பிய பணமாயினும், வங்கியிற் பெற்ற கடனாயினும், வீடு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. ஆதலால், நிலையம் எடுக்கும் நாளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தினர் யாவரும் வெறுங்காணியிற் சென்று நில்லுங்கள். சூரியன் எங்கே சாய்கின்றான் என்று பாருங்கள். காற்று எப்பக்கத்தால் முகத்திற் படுகின்றது என்று பாருங்கள். பின்னர் மேசனாரை அழையுங்கள்.