கனவான் செய்தால் பிழை

காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவது திருட்டா? 1841-இல் பிரஷ்யாவின் ரைன் மாகாண சபை இதை விவாதித்தது. அதைத் திருட்டு என்று சொல்லக் கூடாது என்றார் நகரத்துப் பிரதிநிதி ஒருவர். அப்படிச் சொல்லாமல் விட்டதால்தான் ஆளாளுக்குப் பொறுக்குகிறார்கள் என்று மடக்கினார் பிரபுக்களின் பிரதிநிதி. சபை பிரபுவின் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டு கொலோன் நகரின் 'ரைனிஷே ஸைட்டுங்' நாளிதழில் 24 வயது கார்ல் மார்க்ஸ் அந்த விவாதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். திருட்டல்லாததைத் திருட்டு என்றால், உண்மையான திருட்டும் மக்கள் கண்ணுக்குக் குற்றமாகத் தெரியாது என்பது அவர் வாதம்.

1871-இன் ஜெர்மன் பேரரசுத் தண்டனைச் சட்டம் கனவானுக்கும் ஏழைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை எழுத்திலேயே வைத்தது. கனவான்கள் இருவர் நாள் குறித்து மோதும் துப்பாக்கிச் சண்டையில் எதிராளியைக் கொன்றவருக்குக் கோட்டைச் சிறை, குறைந்தது 2 ஆண்டு. அங்கே கட்டாய வேலை இல்லை, மானக்கேடும் இல்லை. மூன்றாம் முறை திருடிப் பிடிபட்டவனுக்கோ 'ட்சுக்ட்ஹவுஸ்' என்னும் கடுங்காவல், 10 ஆண்டு வரை. அதற்குள் போய் வந்தவனுக்குப் படையிலும் அரசுப் பதவியிலும் ஆயுளுக்கும் இடமில்லை. உயிரைப் பறித்தவர் கனவான். கோழியைத் திருடியவன் கயவன்.

மேற்கு ஜெர்மனி 1969-இன் சீர்திருத்தத்தில் இந்தப் பிரிவினையை ஒழித்து, எல்லோருக்கும் ஒரே சிறைத்தண்டனை என்றாக்கியது. பேச்சு மட்டும் திருந்தவில்லை. கனவான் ஒருவர் மானம் போகாமல் செய்யக்கூடிய தப்புக்குக் 'கவாலியர்ஸ்டெலிக்ட்' என்று பெயர். வரி ஏய்ப்பை இன்றும் பலர் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஏய்த்தவரைச் செய்தித்தாள்கள் 'வரிப் பாவி' என்கின்றன. பாவி என்றால் மன்னிப்பும் உண்டு. பிடிபடுமுன் தாமே வந்து முழுக் கணக்கையும் காட்டிப் பாக்கியைக் கட்டுபவர் தண்டனையிலிருந்து தப்பச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பேயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவர் உலி ஹோனெஸ் அந்த வழியில்தான் போனார். அவர் காட்டிய கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2.85 கோடி யூரோ ஏய்த்ததற்கு 2014-இல் மூன்றரை ஆண்டு சிறை விதித்தது. 2016-இல் வெளியே வந்தவரைக் கழகம் அதே ஆண்டு மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுபவருக்கோ 'கறுப்புப் பயணி' என்று பெயர். 1935-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி அது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். பெரும்பாலும் அபராதம்தான் விதிக்கிறார்கள். கட்டக் காசில்லாதவர் அதற்கு ஈடாகச் சிறையில் நாட்களைக் கழிக்கிறார். அவரைப் பாவி என்று பரிவோடு சொல்வார் யாருமில்லை.

டிக்கெட் இல்லாப் பயணத்தைக் குற்றமாக்கும் அந்தப் பிரிவை நீக்கலாமா என்று ஜெர்மனியில் நெடுநாளாக விவாதம் நடக்கிறது. நீக்குவதே நியாயம். கூடவே, வரி ஏய்ப்பவரை மோசடிக்காரர் என்றே எழுதப் பத்திரிகைகள் பழக வேண்டும். சட்டம் கைவிட்ட வகுப்பு பேதத்தை மொழி ஏன் சுமக்க வேண்டும்?