வாய்க்கால் கரை வீட்டை விற்பவருக்கு

வீட்டை விற்பது நம் நாட்டில் எவரும் ஆசையோடு செய்யும் காரியமன்று. பெண்ணின் விவாகம், பிள்ளையின் படிப்பு, பெரியவர்களின் வைத்தியம், அல்லது மக்கள் அனைவரும் வெளியூரில் உத்தியோகமாகிப் பூர்வீக வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாமற் போவது, இவற்றுள் ஏதேனும் ஒன்று நெருக்கிய பிறகே கிரஹஸ்தர் தரகருக்குச் சொல்லியனுப்புகிறார். அந்த நெருக்கடியில் புத்தி சற்றுத் தடுமாறுவது இயற்கை. விற்க வேண்டிய வீடு வாய்க்கால் கரையில் அமைந்திருந்தாலோ தடுமாற்றம் இரு மடங்காகும். ஏனெனில், அத்தகைய வீட்டைப் பற்றிச் சொல்வதற்கும் நிறைய இருக்கிறது. சொல்லாமல் மறைப்பதற்கும் நிறைய இருக்கிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நாம் கூறும் யோசனை ஒன்றே: யாவற்றையும் சொல்லிவிடுங்கள். தர்மம் என்பதற்காக மட்டுமன்று, விற்பவருக்குப் பிற்காலத்தில் நிம்மதி தரக்கூடிய வழி அது ஒன்றுதான் என்பதற்காகவுமே இதைச் சொல்கிறோம்.

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் வாய்க்கால் கரை வீடுகளுக்குக் குறைவில்லை. திருச்சி நகரத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜராஜ சோழன் காலத்தது என்று கூறப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால், காவிரியினின்று பிரிந்து, நகரத்தின் ஊடே சென்று, வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது. அதன் இரு மருங்கிலும் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தஞ்சை, கும்பகோணம், மாயூரம் பக்கங்களில் தெருவுக்கொரு வாய்க்கால் உண்டு என்று சொன்னாலும் மிகையாகாது.

இவ்வாய்க்கால்களுக்கு வருஷத்தில் இரண்டு முகங்கள். 1934-ல் மேட்டூர் அணை ஏற்பட்ட பிறகு, காவிரிப் பாசனத்திற்கு ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறப்பதும் ஜனவரி 28-ந் தேதி நிறுத்துவதும் வழக்கமாகிவிட்டன. அணையின் நீர்மட்டத்தை அனுசரித்துத் தேதிகள் முன்பின்னாவதும் உண்டு. ஆடி மாதத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகையில் அந்த வீட்டின் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றும். அதே மனிதர் சித்திரை வெயிலில் வந்து, வற்றிய வாய்க்காலில் தேங்கி நிற்கும் கழிவுநீரையும் அதன்மேல் மொய்க்கும் கொசுக்களையும் பார்ப்பாரானால், விலை கேட்காமலே திரும்பிவிடுவார். தரகர்கள் இந்த மர்மத்தை நன்றாக அறிந்தவர்கள். "ஆடியில் காட்டுங்கள், ஐப்பசிக்குள் பத்திரத்தை முடித்துவிடலாம்" என்பது அவர்களுடைய சாஸ்திரம்.

ஆடியில் காட்டுவதில் தவறொன்றுமில்லை. வீட்டுக்கு உள்ள அழகைக் காட்ட விற்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் கோடைக்காலத்தில் எடுத்த புகைப்படங்கள் இரண்டொன்றையும் உடன் வைத்துக்கொண்டு, "தண்ணீர் நின்றபின் இவ்விடம் இப்படி இருக்கும்" என்று தாமே காட்டிவிடுவது நலம். வாங்க வருகிறவர் அசடரல்லர். அண்டை வீட்டாரையும் எதிர்ச்சாரிக் கடைக்காரரையும் அவர் விசாரிக்கத்தான் போகிறார். அவர்கள் வாயால் கேட்டு அறிந்துகொண்டால், இவர் இன்னும் எவ்வளவை மறைத்திருப்பாரோ என்ற சந்தேகம் பிறந்துவிடும். உங்கள் வாயாலேயே கேட்டாரானால், நீங்கள் சொல்லும் நல்ல விஷயங்களையும் நம்புவார்.

சட்டமும் இதையே சொல்லுகிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு, சொத்திலோ அதன் பாத்தியதையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், அவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால், அதை விற்பவர் வெளிப்படுத்தியே ஆகவேண்டும் என்கிறது. அவ்வாறு வெளிப்படுத்தாமல் விடுவதை வெறும் கவனக்குறைவாக அச்சட்டம் கருதவில்லை. மோசடி என்றே சொல்கிறது. கண்ணுக்கு முன் ஓடும் வாய்க்காலை எவரும் மறைக்க முடியாது. ஆனால் பெருமழை பெய்த வருஷத்தில் கூடத்திலே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்பது, வெள்ளையடித்த சுவரைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சியில் வெள்ளம் புகுந்த பகுதிகள் பல. உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா, எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதைச் சுவரில் ஓர் அடையாளமிட்டே காட்டிவிடலாம். வரவில்லையானால் அதையும் தைரியமாகச் சொல்லலாம். அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

அடுத்தபடியாக எல்லை. வாய்க்கால் கரை வீடுகளில் வழக்குக்கு மூலகாரணம் பெரும்பாலும் இதுவே. வாய்க்காலும் அதன் கரையும் சர்க்காருக்குச் சொந்தமான நீர்நிலைப் புறம்போக்கு. நம் பாட்டனார் கட்டிய படித்துறை, தகப்பனார் வைத்த நாலு தென்னை, நாம் போட்ட மாட்டுக் கொட்டகை ஆகியவை அந்தப் புறம்போக்கில் அமைந்திருக்கக்கூடும். ஐம்பது வருஷமாக அநுபவித்து வருகிறோம் என்பதால் அது நமது நிலமாகிவிடாது. 1905-ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 'பி மெமோ' வந்து அபராதம் கட்டிய ரசீதுகளைச் சிலர் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறார்கள். அவை அந்த நிலம் நம்முடையதன்று என்பதற்கு அத்தாட்சியேயன்றி, நம்முடையது என்பதற்கு அத்தாட்சியல்ல. வீட்டு வரி ரசீதும், மின்சார இணைப்பும் அவ்வாறே. நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்புகளை அகற்றவேண்டும் என்று 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மறந்துவிடலாகாது.

ஆகையால், தரகருக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னதாகவே தாலுகா ஆபீசில் மனுச் செய்து, நில அளவரைக் கொண்டு அளந்து, புல வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டாவிலுள்ள பரப்பு எவ்வளவோ அவ்வளவைத்தான் விற்க முடியும். பத்திரத்தில் "வடக்கே வாய்க்கால் வரை" என்று பொத்தாம்பொதுவில் எழுதுவது பழைய காலத்து வழக்கம். இப்பொழுது, "வடக்கே வாய்க்கால் புறம்போக்கு" என்று எழுதி, நான்கு பக்கத்து அளவையும் அடிக்கணக்கில் குறிப்பிடுவதே சரி. கொட்டகை புறம்போக்கில் இருந்தால், "இதை நான் விற்கவில்லை, சர்க்கார் எடுக்கச் சொன்னால் எடுக்கவேண்டியதுதான்" என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கொட்டகைக்கும் சேர்த்து விலை பெற்றுக்கொண்டு போய்விட்டால், ஒருநாள் அது இடிபடும்போது, ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய ஒரு குடும்பம் உங்களைச் சபிக்கும், கோர்ட்டுக்கும் இழுக்கும்.

மூன்றாவதாக வீட்டின் தேக நிலை. டெல்டா பிரதேசத்தில் பெரும்பாலும் களிமண் பூமி. நீர் ஏறும்போது உப்புவதும், காய்ந்தால் சுருங்குவதும் அம்மண்ணின் சுபாவம். ஆகவே, சுவர் மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் சாய்வாக வெடிப்புக் காணும். அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். விற்பதற்கு முதல்நாள் இவற்றின்மீது பூச்சுப் பூசி வர்ணம் அடிப்பது பலருடைய பழக்கம். பழைய சுண்ணாம்புக் காரை வீட்டில் இதைப்போன்ற வீண் செலவு கிடையாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இன்னும் உயரத்தில் போய் வெளிப்படும். ஆறு மாதத்தில் சாயம் வெளுத்துவிடும். சுவருடையது மட்டுமல்ல, விற்றவருடையதும்தான். அதைக் காட்டிலும், கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்காமல் குழாய் வைப்பது, அடைபட்ட சாக்கடையைத் திறப்பது, கொல்லைப்புறம் நீர் தேங்காமல் வாட்டம் செய்வது ஆகிய சிறு காரியங்களைச் செய்யுங்கள். வெடிப்பை ஒரு நல்ல கொத்தனாரிடமோ என்ஜினீயரிடமோ காட்டி, அது பழைய வெடிப்பா, வளரும் வெடிப்பா என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்வதும் உபயோகமாகும்.

இங்கே வீட்டுப் பெண்மணிகள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாங்க வரும் பெண்மணி அதைக் கட்டாயம் கேட்பாள். கழிவறை நீர் எங்கே போகிறது? அது நேரே வாய்க்காலில் விழுமானால், விற்பதற்கு முன்பே அதை நிறுத்தி, பாதாளச் சாக்கடை இருக்குமிடத்தில் அதனோடு இணைத்துவிட வேண்டும். இல்லாதவிடத்தில் கிணற்றுக்கு எட்டத்தில் தொட்டி கட்டவேண்டும். வயலுக்குப் போகும் தண்ணீரில் நம் வீட்டு அசுத்தத்தைக் கலப்பது ஊருக்குச் செய்யும் துரோகம். குழந்தைகள் உள்ள குடும்பம் வருமானால், கொல்லைக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், ஜன்னல்களுக்குக் கொசுவலையும் போட்டு வைப்பது, ஆயிரம் ரூபாய் வர்ணப்பூச்சைவிட அதிகமாகப் பேசும்.

குறைகளையே அடுக்கிக்கொண்டு போகிறோமே, வாய்க்கால் கரை வீட்டில் நல்லது ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். ஏன் இல்லை? வாய்க்காலில் நீர் ஓடும் காலமெல்லாம் கிணற்றில் ஊற்றுக்குப் பஞ்சமில்லை. எதிரே எவரும் சுவர் எழுப்பிக் காற்றைத் தடுக்க முடியாது. கோடையிலும் மர நிழல் உண்டு. கிணற்று நீரைச் சோதனைச் சாலையில் பரீட்சித்து அந்தச் சீட்டையும் காட்டினால், இந்தப் பெருமைகளை வாங்குபவர் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. 2023 முதல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து சாதாரணமாக 9 சதவிகிதம். இதில் மிச்சம் பிடிப்பதற்காகப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். சம்மதியாதீர்கள். ஸ்தாவர சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை முழுவதையும் அபராதமாகச் செலுத்த நேரும். கிரயம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 சதவிகிதத்தை வருமான வரிக்காகப் பிடித்துக்கொண்டு செலுத்தவேண்டும் என்பதும் விதி. அது கண்டு அவர்மீது கோபிக்க வேண்டாம்.

பூர்வீக வீடானால் சகோதரிகளின் கையெழுத்தை மறக்கவேண்டாம். 2005-ம் வருஷத்துச் சட்டத் திருத்தமும், அதை 2020-ல் தெளிவுபடுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், ஹிந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்பாலேயே ஆணுக்குச் சமமான பாத்தியதை உண்டு என்று நிலைநாட்டிவிட்டன. "கல்யாணத்தில் சீர் செய்தாயிற்று" என்பது கோர்ட்டில் செல்லும் வாதமன்று.

முடிவாக, ஒரு காரியம் செய்யுங்கள். கிரய ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வெள்ளம் வந்த வருஷங்கள், தண்ணீர் நின்ற அளவு, எந்தச் சுவரில் ஓதம், எங்கே வெடிப்பு, புறம்போக்கில் இருப்பவை எவை, கழிவுநீர் போகும் வழி, கிணற்றின் நிலை ஆகிய யாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். அதைப் படித்து வாங்குபவர் கையெழுத்திடட்டும். ஒரு பிரதி அவரிடமும் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். அந்தத் தாளினால் விலையில் ஏதேனும் குறையலாம். ஆனால், அடுத்த ஐப்பசியில் மழை கொட்டி வாய்க்கால் கரை புரளும் இரவில், வெளியூரில் இருக்கும் நீங்கள் தைரியமாகத் தூங்கலாம். அந்த வீட்டில் இருப்பவர்களும் பெட்டி படுக்கையை எப்பொழுது மேலே ஏற்றவேண்டும் என்று அறிந்திருப்பார்கள்.